குளத்தைக் கிணறு என்று நினைத்து இறைத்தேன்

1

அப்பாவின் முதல் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு வந்து மூன்று கிழமை ஊரில் சொந்தக்காரர் உங்களோடெல்லாம் இருந்துவிட்டுத் திரும்பியவள், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீங்கள் கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் பிறகு கோபியுங்கள்.

விஷயம் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைப் பற்றியது. இந்தச் சொல்லைக் கேட்டதும் கொண்டாவிலில் என் சித்தி மகள் யசோ, "அவையள் பெரிய ஆக்கள்" என்று முகத்தைத் திருப்புவாள் என்று தெரியும். யசோ, கொஞ்சம் பொறு. இங்கே மலாய் நாட்டில், ஈப்போவில் நாங்கள் வாங்கிய வீடு ஒரு சீன வியாபாரி தன் பிள்ளைகளுக்காகக் கட்டியது. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், அவர் வீட்டை விற்றார், குளமும் வீட்டோடு வந்தது. அவ்வளவுதான். எனக்கு நீந்தத் தெரியாது. பதினொரு வருஷத்தில் முழங்காலுக்கு மேல் அந்தத் தண்ணீரில் நான் இறங்கியதில்லை. உண்மையைச் சொன்னால், அதைக் கண்டாலே எனக்குப் பயம். மண்ணைப் போட்டு மூடி நாலு வாழை வைப்போம் என்று எத்தனையோ தரம் சொன்னேன். என் கணவரும் சரியென்றார். மகள் ஆரணிதான் அழுது தடுத்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. நடக்கப் பழகியதற்கு அடுத்தபடியாக அவள் பழகியது நீச்சல்தான்.

2

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, பெட்டியை வைத்துவிட்டுப் பின் கதவைத் திறந்தேன். குளம் முழுக்கப் பச்சை. லேசான பச்சை இல்லை, நம்மூர் இலைக்கஞ்சிப் பச்சை. ஓரமெல்லாம் வழவழவென்று பாசி. மேலே ஒரு தவளை, தன் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஆரணி!" என்று நான் போட்ட சத்தத்தில் தவளை குதித்துவிட்டது. ஆரணி என் முதுகுக்குப் பின்னால்தான் பையோடு நின்றாள்.

"என்னம்மா? நான் இங்கதான் இருக்கேன்லா."

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்? அடி தெரியாத தண்ணீரைக் கண்டால் எனக்கு முதலில் வீட்டில் இருக்கிறவர்களை எண்ணத்தான் தோன்றும்.

நடந்தது இதுதான். நாங்கள் ஊரில் இருந்தபோது இங்கே பெரிய இடி விழுந்து, குளத்துத் தண்ணீரைச் சுழற்றி வடிகட்டுகிற மோட்டாரின் சுவிட்ச் விழுந்துவிட்டது. இரண்டு கிழமையாக மோட்டார் ஓடவில்லை. என் கணவர் பல் வைத்தியர். ஒருத்தரின் கடைவாயில் ஊசிமுனை அளவு சொத்தையைக் கண்டுபிடிக்கிற மனிதர், தன் வீட்டுக் கொல்லையில் இருபத்தைந்து அடி நீளக் குளம் பச்சையாகிக் கிடப்பதைக் காணவில்லை.

"நான் முன் கதவால போறேன், முன் கதவால வாரேன். பின்னால எனக்கு என்ன வேலை?" என்றார். அவர் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம். எதற்கும் பதற மாட்டார். அவர் வீட்டில் பதறுகிற வேலை முழுவதும் என் தலையில்.

3

அடுத்த நாள் காலை வாசலில் சீருடை போட்ட இரண்டு பேர் வந்து நின்றார்கள். டெங்கிக் கொசு பார்க்கிறவர்கள். இந்த நாட்டில் பதினேழு வருஷமாக இருக்கிறேன், இன்னும் சீருடையைக் கண்டால் என் கால் தானாக உள்ளே ஓடி அடையாள அட்டையை எடுக்கும். என்னுடையது சிவப்பு அட்டை. இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று அர்த்தம். கணவருக்கும் மகளுக்கும் நீல அட்டை. ஒரே வீட்டில் இரண்டு நிறம். குடியுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. ஒவ்வொரு முறை கேட்கப் போகும்போதும் வேறொரு படிவம் தருவார்கள், நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவேன்.

வந்தவர்கள் என் அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய், ஒரு வெள்ளை அகப்பையால் குளத்துத் தண்ணீரை மொண்டு பார்த்தார்கள். "ஜெந்திக்" என்றான் சின்னவன். கொசுப்புழுவுக்கு இங்கே அதுதான் பெயர். புழுவை ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டு, ஏழு நாளில் குளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினான். மரியாதையாகத்தான் பேசினான், பாவம்.

நான் தாளை வாங்கிக்கொண்டு, "ஹரி மாத்தயா" என்றேன்.

சிங்களத்தில் 'சரி ஐயா'! பயம் வந்தால் எனக்கு மலாய் வராது. பதினேழு வருஷ மலாய் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும், ஊரில் ஆமிக்காரர் சோதனைச் சாவடியில் பழகிய அந்த இரண்டு வார்த்தைதான் வாயில் வந்து நிற்கும். அந்தப் பையன் குழம்பிப் போய்ச் சிரித்தான். ஆரணி வெட்கத்தில் உள்ளே போய்விட்டாள். "என்னம்மா பேசினீங்க? எந்தப் பாஷை அது?" என்று பிறகு கேட்டாள். ஒன்றுமில்லை, வாய் குழறிவிட்டது என்றேன். அவளுக்கு நான் இதையெல்லாம் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அதெல்லாம் படாமல் வளரட்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தது.

குளத்தைப் பார்த்துக்கொள்கிற குணாவுக்குப் போன் போட்டேன். குணா கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது ஈப்போவுக்கு வந்து, குளம் கழுவுகிற வேலையைப் பிடித்துக்கொண்டார். என்னை அக்கா என்பார், ஆனால் என்னைவிட அவருக்கு வயது கூட.

"அக்கா, நான் இப்ப ஆயர் தாவார்ல இருக்கேன். மச்சான் வீட்டுல கல்யாணம். மூணு நாள்ல வாரேன். பச்சையா போச்சுன்னா ஒன்னும் பயம் இல்ல. நான் வர்ற வரைக்கும் எதையும் தொட வேணாம்லா."

"ஓம்."

"அது என்னக்கா, சாமி கும்புடுற மாரி எப்பப் பாத்தாலும் ஓம் ஓம்னு..."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நானும் மூன்று நாள் பொறுத்திருக்கலாம். தாளில் ஏழு நாள் இருந்தது.

4

பொறுக்க விடாமல் செய்தது ஒரு சோடிச் செருப்பு.

அன்று பின்னேரம் பின் கதவைத் திறந்தபோது, குளத்து ஓரத்தில் ஆரணியின் செருப்பு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவளைக் காணவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தண்ணீரைப் பார்த்தேன், பச்சை. அதற்குள்ளே என்ன இருந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. துணி காயப்போடுகிற நீளத் தடியை எடுத்து, அழுதுகொண்டே குளத்தைக் குத்திக் குத்திப் பார்த்தேன். பிடி வழுக்கித் தடி தண்ணீருக்குள் போய்விட்டது. அப்போது ஆரணி தலையில் துவாயோடு வந்து நின்றாள். குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். செருப்பைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள்.

"அம்மா, யூ ஆர் ஸ்கேரிங் மீ" என்றாள். நான்தான் அவளைப் பயமுறுத்துகிறேனாம்.

எனக்கு அவள் வயது இருக்கும்போதுதான், சண்டைக் காலத்தில், நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தோம். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்குக் கூரை இருந்தது, கதவுகள் இல்லை. கிணறு மாதக்கணக்கில் ஆள் தொடாமல் இதே பச்சையாகக் கிடந்தது. அதை இறைத்தால்தான் குடிக்கலாம். அப்பா எங்கேயோ ஒரு வோட்டர் பம்ப் இரவல் வாங்கிவந்து இறைக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கிணற்றுக் கட்டைச் சுற்றி நின்றார்கள். ஒரு கட்டத்தில் அப்பா திரும்பி, "பிள்ளையள் உள்ள போங்கோ" என்றார். நான் போகவில்லை, கதவில்லாத கதவு நிலைக்குப் பின்னால் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்ற வற்ற அந்த முகம் எப்படி ஆனது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அடியில் இருந்தது இரண்டு வாளியும் ஒரு சைக்கிள் சில்லும்தான். அப்பா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். நல்ல செய்திக்கு ஒரு மனிதர் அப்படி அழுது நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்த ஒழுங்கையில் வரிசையாக இருந்த வீடுகளில் எல்லாக் கிணறும் எங்கள் கிணறு மாதிரி இருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அடி தெரியாத தண்ணீரோடு இன்னும் இரண்டு இரவு ஒரே வீட்டு வளவில் படுக்க என்னால் முடியாது. நம்முடைய ஆட்களுக்குத் தண்ணீர் பழுதானால் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இறைத்துக் கொட்டு, அடியைத் தேய், புதுத் தண்ணீர் ஊற விடு. ஈப்போவைச் சுற்றி நிற்கிற மலையெல்லாம் சுண்ணாம்புக் கல். நம்மூர் நிலத்துக்கு அடியிலும் அதே கல். அங்கே சரியானது இங்கே பிழையாகுமா? இப்படித்தான் என் புத்தி போனது. குணாவைக் கேட்கவில்லை, கணவரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது போல.

5

மறுநாள் கணவர் கிளினிக்குக்குப் போனதும், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் இறைக்க வைத்திருந்த பம்பைக் குளத்தில் இறக்கினேன். குழாயை லொங்காங்கில் விட்டேன். லொங்காங் என்றால் தெருவோரச் சாக்கடை, இங்கே தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கிழமை முழுக்க மழை. புல்லில் கால் வைத்தால் தண்ணீர் மேலே வந்தது. அதையாவது யோசித்திருக்க வேண்டாமா நான்?

மத்தியானம் தாண்டியதும் அடி தெரிந்தது. என் துணித் தடி, நிறைய இலை, ஒரு பந்து. அவ்வளவுதான். எனக்கு வந்த நிம்மதியில் அப்பாவை நினைத்துக்கொண்டேன். "ஆரணி, இஞ்ச வா, தேய்ப்பம்" என்று கூப்பிட்டேன்.

பள்ளி விடுமுறை. முதலில் "ஈ, கெலி லா" என்றாள், அருவருப்பாம். பிறகு நீளப் பிரஷ்ஷோடு இறங்கினாள். அவள் ஆழமான பக்கத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்று சுவரைத் தேய்த்தாள், நான் மேலே நின்று குழாயால் அடித்தேன். பாசி தோல் உரிகிற மாதிரி உரிந்து விழுந்தது. வழுக்கிக் கீழே உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று இவள் என்னோடு ஒரு மணி நேரம் ஒரு வேலை செய்து! கையில் போன் இல்லை, காதில் ஒன்றும் செருகவில்லை.

அப்போது குளம் முனகியது.

சத்தியமாகச் சொல்கிறேன், நிலத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. ஆரணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி 'படார்' என்று வெடித்தது. உடனே இன்னொன்று. உடனே வரிசையாக நாலைந்து.

எனக்கு நினைப்பதற்கு நேரமே இருக்கவில்லை. உடம்பு தானாகக் குப்புற விழுந்துவிட்டது. முகம் புல்லில், இரண்டு கையும் பிடரியில், வாய் திறந்தபடி. "படு! விழுந்து படு! தலையைத் தூக்காத!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பழைய குரலாக இருந்தது.

பிறகு அமைதி. அடுத்த குண்டுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பத்து நொடியாக இருக்கலாம். விமானச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். மைனா ஒன்று கத்தியது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் எந்த நாட்டில் கிடக்கிறேன் என்று புத்திக்கு வந்தது.

ஊர்ந்து போய் எட்டிப் பார்த்தேன். ஆரணி படுத்திருந்தாள். நான் சொன்னபடியே, ஆழமான பக்கத்தில், குப்புற, அந்தப் பச்சைத் தண்ணீரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிப் படுத்திருந்தாள். அவளுக்கு இரண்டு அடி தள்ளி டைல்ஸ் உடைந்து சிதறிக் கிடந்தது. அந்த இடத்தில் தரை வீங்கி, விரிசலுக்குள்ளால் தண்ணீர் மேலே கொப்பளித்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க வீக்கம் அவள் பக்கம் வந்தது. உலகத்திலேயே அவள் இருக்கக் கூடாத இடம் அந்த இடம். அங்கே அவளைப் படுக்க வைத்தது நான்.

"எழும்பு பிள்ளை! ஏறு! கெதியா ஏறு!"

அவள் கண்ணைத் திறந்தாள், தலையைத் தூக்கவில்லை. "எழும்பலாமா?" என்று மெல்லக் கேட்டாள். ஐயோ, அந்தக் கேள்வி! பதின்மூன்று வருஷத்தில் நான் சொன்ன எதையும் ஒரு தரத்தில் கேட்காத பிள்ளை, அன்றைக்கு என் அனுமதிக்குக் காத்துக்கொண்டு கிடந்தாள். இருந்த இடத்தில் உட்கார்ந்தபடியே படியால் வழுக்கி உள்ளே இறங்கினேன். அவள் சரிவில் ஏற, பாசி அவளைக் கீழே இழுக்க, நான் அவள் கையைப் பிடித்து, இரண்டு பேரும் நாலு காலில் மேலே வந்து சேர்ந்தோம். பின்னால் இன்னொரு டைல்ஸ் வெடித்தது. இந்தத் தடவை நான் படுக்கவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

6

குணாவுக்குப் போன் போட்டவள் ஆரணிதான். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"தண்ணிய எறைச்சிட்டீங்களா? ஐயோ கடவுளே! மோட்டார நிப்பாட்டுங்க! வீட்டுல உள்ள பைப்பு எல்லாத்தையும் தொறந்து உள்ள விடுங்க, இப்பவே! யாரும் கிட்ட போவாதீங்க. நான் வாரேன்."

கல்யாணச் சட்டையோடு இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார். குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார், தலையில் கை வைத்தார்.

"அக்கா, இது ஈயம் தோண்டுன நெலம். அடித்தண்ணி மேலயே நிக்கும், மழை வேற. குளத்துல தண்ணி இருந்தாத்தான் அந்தப் பாரம் கீழ உள்ளத அமுக்கி வைக்கும். நீங்க காலி பண்ணிட்டீங்க, அது சம்பான் படகு மாரி மெதக்கப் பாக்குது."

"எங்கட ஊரில கிணறு இப்பிடித்தான் இறைக்கிறது குணா."

"கெணத்துக்கு அடி தொறந்திருக்குக்கா. இதுக்கு அடி மூடியிருக்குல்ல? அடித்தண்ணி போவுறதுக்கு ஒரு வால்வு இருக்கு, அதுவும் எலை அடைச்சு... ஒன்னும் தொடாதீங்கன்னு சொன்னேனே." என்னைத் திட்ட வாயெடுத்தவர், படுத்த வேகத்தில் அடிபட்ட ஆரணியின் தாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என் கணவர் வந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். நன்றாகத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு குணா குளத்தை எப்படித் தெளிய வைத்தார் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சுலபம். நிறைந்த தண்ணீரில் சுவரையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்தார். வெயில் இறங்கிய பிறகு குளோரினை இரண்டு மடங்கு போட்டார். மோட்டாரை இரவு பகலாக ஓட விட்டு வடிகட்டியைக் கழுவிக் கழுவி விட்டார். பச்சை முதலில் சாம்பலாகி, பிறகு பால் மாதிரி ஆனது. கொஞ்சம் படிகாரம் போட்டதும் அழுக்கு அடியில் படிந்தது, உறிஞ்சி எடுத்தார். நாலே நாள். சீருடைக்காரர்கள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். உடைந்த டைல்ஸ்களும் ஒரு கை உயரத்துக்கு எழுந்து நிற்கிற தரையும் இப்போது மேலிருந்தே தெளிவாகத் தெரிகின்றன. மழைக்காலம் முடிந்துதான் அதைச் செய்யலாம் என்கிறார். ஆரணி மறுபடி நீந்துகிறாள். நான் கதவருகில் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

நேற்று அவள் தாடையில் பிளாஸ்டரை மாற்றும்போது கேட்டேன். "நான் சொல்லி நீ எப்ப கேட்டனீ? அண்டைக்கு மட்டும் ஏன் படுத்தனீ?"

"உங்க குரல்மா. அந்த மாதிரி நீங்க கூப்பிட்டதே இல்ல. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு நினைச்சேன். சத்தம் வந்தா என்ன செய்யணும்னு."

எனக்குத் தெரியும்தான். அதுதான் என் பயம். பாசியைக் கண்டும் பயமில்லை, சீருடைக்காரர் தந்த தாளைக் கண்டும் பயமில்லை. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்காத பிள்ளை, என் குரலை மட்டும் நம்பி, வெடிக்கிற தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாளே, அதை நினைத்து இரவில் எழுந்துபோய் அவள் அறையை எட்டிப் பார்க்கிறேன்.

"இனி நான் அப்பிடிக் கத்தினா நீ படுக்கக் கூடாது பிள்ளை. ஓட வேணும். என்னைப் பாக்காம ஓட வேணும்."

"நீங்க?"

"நான் படுத்திருப்பன்" என்றேன். "நீ ஓடு."